முதியோருக்கான செயலி: கடைசி இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தால் போதுமா?

செங்காங்காரன் | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். செயலி வடிவமைப்பு என் பிழைப்பு. எங்கள் சிறு நிறுவனத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. வட்டார மூத்தோர் நிலையம் ஒன்றின் நடவடிக்கைகளுக்கு முதியோர் தாங்களே பதிவு செய்துகொள்ளவும், மருத்துவச் சந்திப்புகளை நினைவூட்டவும் ஒரு செயலி. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வர வேண்டும். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு.

திட்ட அட்டவணையைப் பார்த்ததும் உறுத்தியது. மூன்றரை மாதம் வடிவமைப்பும் நிரலாக்கமும். கடைசி இரண்டு வாரம் 'மூத்தோர் சோதனை'. ஆறு பேரைக் கூட்டிவந்து காட்டுவது, அவர்கள் தலையாட்டுவது, படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவைப்பது. மேலாளரிடம் பேசினேன். "வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியை வரிக்கு வரி பின்பற்றுகிறோம், அதற்குமேல் என்ன வேண்டும்?" என்கிறார்.

உடற்குறை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்தும்படி வகுத்த அந்த அனைத்துலக வழிகாட்டியைக் குறை சொல்லவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எதுவும் காணாமல் போகக்கூடாது என்றெல்லாம் தெளிவாகச் சொல்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, உள்ளே நுழைவதற்கு நினைவாற்றலைச் சோதிக்காதே என்றும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதைப் பின்பற்றினால் ஒரு முதியவர் செயலியை விரும்பித் திறப்பார் என்று யார் சொன்னது?

முதல் திரையை வரைவதற்கு முன்பே முதியோரை உடன் உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வாதாடச் சரக்கு வேண்டும். கொடுங்கள்.


எதிர்வாதி | செவ்வாய், இரவு 9.40

வழக்கம்போல் எதிர்ப்பக்கம் நிற்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு பேர், இரண்டு வாரம் என்பதே பல நிறுவனங்கள் செய்வதைவிட அதிகம். அதோடு இது தானாகத் தீரப்போகும் சிக்கல். 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்று அரசாங்கம் சொல்கிறது. சரி, அந்த நால்வரில் ஒருவர் யார்? இன்று 60 வயதில் கைப்பேசியிலேயே டாக்சி பிடிப்பவர், மளிகை வாங்குபவர், வங்கிக் கணக்கு பார்ப்பவர். அவருக்கு யார் எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்? பத்து ஆண்டில் மறைந்துவிடும் ஒரு தேவைக்காகச் செலவை இரட்டிப்பாக்கச் சொன்னால் எந்த மேலாளரும் ஒப்பமாட்டார்.


பழைய_கிராணி | செவ்வாய், இரவு 10.25

எதிர்வாதித் தம்பி, எனக்கு 74 வயது. 1981இல் அரசாங்கச் சேவையைக் கணினிமயமாக்கத் தொடங்கியபோது நான் கிராணி, அதாவது எழுத்தர் வேலையில் இருந்தேன். பச்சை எழுத்து மினுங்கும் திரைக்கு முன்னால் எங்களை உட்கார வைத்தார்கள். உங்களுக்கு அப்போது பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். தெரியாதவர்கள் போய்த் தெரிந்தவர்கள் வருவார்கள் என்ற கணக்கை என்னிடம் காட்ட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் தெரிந்தவன்தான்.

செங்காங் தம்பிக்கு: எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது. ஆனால் எனக்கு அது இரண்டாம் பட்சம். கண்ணாடி இருக்கிறது, கையில் பூதக்கண்ணாடியும் இருக்கிறது.

கவுண்டரில் ஒருவர் மனு கொடுத்தால் மூன்று படி எடுப்போம், நடுவே கார்பன் தாள். ஒன்று கோப்புக்கு, ஒன்று கணக்குப் பிரிவுக்கு. மூன்றாவதைக் கிழித்து, தேதி போட்டு, சாப் குத்தி, மனுதாரர் கையில் கொடுப்போம். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். ஆறு மாதம் கழித்துச் சண்டைக்கு வந்தாலும் அந்தத் தாளோடு வருவார்.

இப்போது என்ன நடக்கிறது? பொத்தானை அழுத்துகிறேன். பச்சை வட்டத்துக்குள் ஒரு சரிக்குறி வருகிறது. கண்ணாடியை மூக்கில் ஏற்றி வாசிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. பதிவானதா? மறுபடி அழுத்தினால் இரண்டு தடவை பதிவாகிவிடுமா? பணம் இரண்டு தடவை போய்விடுமா? யாரைக் கேட்பது? அதற்குத்தான் பேரனைக் கூப்பிடுகிறேன். தாத்தாவுக்குப் பொத்தான் தெரியவில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். பொத்தான் எனக்குத் தெரியும். கையில் சான்று இல்லை, அதுதான் குறை.

"நான் செய்தவை" என்று ஒரு பக்கம் வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எதற்குப் பதிவு செய்தேன், யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பது அழியாமல் அங்கே இருக்க வேண்டும். இதை உங்கள் மேலாளரிடம் கடைசி இரண்டு வாரத்தில் சொன்னால் "குறித்துக்கொண்டோம்" என்பார். ஏனென்றால் அதற்குத் தரவுத்தளத்திலேயே முன்கூட்டி இடம் ஒதுக்க வேண்டும் என்று அதே பேரன் சொல்கிறான். முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தால் செலவு மிச்சம்.


செங்காங்காரன் | செவ்வாய், இரவு 10.51

ஐயா, உங்கள் பேரன் சொல்வது முற்றிலும் சரி. பின்னால் சேர்த்தால் பாதிச் செயலியைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமைக்கு இது ஒன்றே போதும் போலிருக்கிறது. இருந்தாலும் மற்றவர்களும் சொல்லுங்கள்.


இரவுப்பணித்_தாதி | புதன், காலை 7.50

வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டே எழுதுகிறேன்.

எதிர்வாதி சொல்வதில் ஒரு பெரிய ஓட்டை. பழக்கம் வேறு, உடம்பு வேறு. எவ்வளவு கைப்பேசி பழகியவராக இருந்தாலும் கண்ணின் வில்லை மஞ்சளிப்பதை நிறுத்த முடியாது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதில் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. மஞ்சளித்த வில்லை நீலத்தை வடிகட்டிவிடுவதால் வெளிர்நீலமும் வெளிர்ப்பச்சையும் ஒன்றாகத் தெரியும். இளைஞர்கள் 'மென்மையாக இருக்கிறது' என்று வைக்கும் சாம்பல்நிற எழுத்து, வெண்படலம் உள்ளவருக்கு வெற்றுத் தாள்.

கண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், விரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயதானால் விரல் நுனி உலர்ந்துவிடும். இன்றைய தொடுதிரை, தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் விரலை உணர்கிறது. உலர்ந்த விரலை அது சில நேரம் கண்டுகொள்ளாது. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். சர்க்கரை அளவு பார்க்கத் தினமும் குத்திக் குத்தி விரல் நுனி தடித்துப்போனவர்கள், நரம்பு பாதிக்கப்பட்டுத் தொடு உணர்வு மங்கியவர்கள் என்று என் வார்டில் எப்போதும் சிலர் இருப்பார்கள். கைரேகை வைத்துத் திறக்கச் சொன்னால் மூன்று முறை மறுத்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும்.

ஒரு பாட்டி மகளுக்கு அழைக்கப் பார்த்தார். ஒருமுறை தொட்டார், திரை கண்டுகொள்ளவில்லை. எனவே அடுத்த முறை அழுத்தமாகத் தொட்டு, அப்படியே பிடித்துக்கொண்டார். நாம் மின்தூக்கிப் பொத்தானை அப்படித்தானே அழுத்துகிறோம்? கைப்பேசி அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டது. படங்கள் எல்லாம் நடுங்க ஆரம்பித்தன. பாட்டி பதறிப்போய் விரலை இழுக்க, அழைக்கும் படம் வேறு பக்கத்துக்குப் போய்விட்டது. "கெட்டுப்போய்விட்டது அம்மா" என்று என்னிடம் நீட்டினார். கெடவில்லை. எவ்வளவு நேரம் பிடித்தால் நீண்ட அழுத்தம் என்பதை மாற்றும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் அமைப்புகளுக்குள் நாலு கதவு தாண்டிப் போனால்தான் கிடைக்கும். யாருக்குத் தேவையோ அவர் அங்கே போய்ச் சேரவே மாட்டார்.

உங்கள் செயலியில் நீண்ட அழுத்தத்துக்குத் தனி வேலை எதுவும் வைக்காதீர்கள். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் இது தோன்றாது. ஒரு பாட்டியின் விரலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.


வங்கிக்_குறிமுறையர் | புதன், நண்பகல் 12.35

எல்லோரும் எளிமை எளிமை என்கிறீர்கள். நான் வங்கிச் செயலிகளில் வேலை செய்பவன். உங்கள் எளிமைதான் என் தலைவலி.

2021 டிசம்பரில் நடந்ததை மறந்துவிட்டோமா? வங்கி அனுப்பியதுபோல் வந்த குறுஞ்செய்தி இணைப்பைத் தட்டி, ஒரே வங்கியின் வாடிக்கையாளர்கள் 790 பேர் இழந்தது 13.7 மில்லியன் வெள்ளி. ஒரே தட்டலில் எல்லாம் நடக்கும் வசதி மோசடிக்காரனுக்கும் வசதிதான். அதற்குப் பிறகுதான் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை வங்கிகள் நிறுத்தின. புதிய கைப்பேசியில், பரிவர்த்தனையை உறுதிப்படுத்தும் மின்னிலக்க அடையாளக் குறியீட்டைச் செயல்படுத்தக் குறைந்தது 12 மணி நேரக் காத்திருப்பும் வந்தது.

இன்னொரு கொடுமை. பார்வை குறைந்தவர்களுக்காக ஆண்ட்ராய்டில் 'அணுகல் சேவை' அனுமதி இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டவும், விரலுக்குப் பதிலாகத் தானே அழுத்தவும் ஒரு செயலிக்கு அது உரிமை தருகிறது. 2023இல் இங்கே பரவிய தீங்கு நிரல்கள் கேட்டது அதே அனுமதியைத்தான். வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு அந்த அனுமதி இருப்பதைக் கண்டால் திறக்க மறுக்கும்படி வங்கிச் செயலிகளை மாற்ற வேண்டியதாயிற்று. முதியவருக்குத் திறந்துவைத்த கதவு வழியாகத் திருடன் வந்தால் கதவை என்ன செய்வது? பதில் சொல்லிவிட்டு எளிமையைப் பற்றிப் பேசுங்கள்.


பழைய_கிராணி | புதன், பிற்பகல் 2.10

பதில் சொல்கிறேன். அந்த 12 மணி நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

உண்மையாகத்தான். உட்கார்ந்து யோசிக்கலாம், மகனைக் கேட்கலாம், ஒரு தூக்கம் போட்டு எழுந்து "வேண்டாம்" என்றும் சொல்லலாம். 2023 நவம்பரில் உள்ளூர் வங்கிகள் மூன்றும் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது என் நண்பர்கள் பலர் உடனே சேர்ந்தார்கள். திறக்க வேண்டுமானால் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போக வேண்டும் என்பது எங்களுக்குத் தொல்லை இல்லை, நிம்மதி.

எங்களை வாட்டுவது இன்னொன்று. "உங்கள் நேரம் முடியப்போகிறது" என்று சிவப்பில் வினாடிகள் ஓடுமே, அது. ஓடிபி எண் ஒரு திரையில் வரும், அதைப் போட வேண்டிய கட்டம் வேறு திரையில் இருக்கும். அங்கே போய் இங்கே வருவதற்குள் எண் மறந்துவிடும், நேரமும் முடிந்துவிடும். திருடனும் இப்படித்தானே அவசரப்படுத்துகிறான்? "இப்போதே அழுத்து, இல்லையென்றால் கணக்கு முடக்கப்படும்" என்று. நல்ல செயலியே அவசரப்படுத்தினால் திருடனை நான் எதை வைத்து அடையாளம் காண்பேன்?


வங்கிக்_குறிமுறையர் | புதன், பிற்பகல் 2.48

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. எங்கள் குழுவில் பேசுகிறேன்.

ஓடிபிக்கு நேரக்கட்டுப்பாடு இல்லாமல் முடியாது. ஆனால் இன்னொரு எண் கேட்டால் முதலில் இருந்து எல்லாவற்றையும் நிரப்பச் சொல்வது வெறும் சோம்பேறித்தனம்தான். எண்ணை ஒட்டவிடாமல் தடுப்பதும் அப்படியே.


தெம்பனிஸ்_மகள் | புதன், இரவு 8.30

இன்னொரு கோணம். என் அம்மாவுக்கு 79. அவர் கைப்பேசியில் உள்ள எல்லாச் செயலிகளையும் பயன்படுத்துவது நான். கடவுச்சொற்கள் என்னிடம். மருந்தகச் சந்திப்பை மாற்றுவது, வீடுகளுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு எடுப்பது எல்லாம் மதிய உணவு நேரத்தில் ராபிள்ஸ் பிளேஸில் உட்கார்ந்துகொண்டு நான் செய்வது. இதைப் பார்க்கும் நிறுவனம் என்ன நினைக்கும்? "79 வயதுப் பயனாளர் மாதம் பலமுறை வருகிறார், சிக்கலில்லாமல் முடிக்கிறார், நம் வடிவமைப்பு வெற்றி" என்று அறிக்கை எழுதும். அந்த 79 வயதுப் பயனாளர் இன்றுவரை அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை.

வடிவமைப்பாளர்களைக் கேட்கிறேன்: பிள்ளைக்கென்று முறையான தனிக் கதவு ஏன் எல்லாச் செயலியிலும் வைக்கக்கூடாது? அம்மா தன் கணக்கில் பார்க்கட்டும். நான் என் கணக்கிலிருந்து உதவுகிறேன். நான் எதை மாற்றினேன் என்பது அவருக்குத் தெரியட்டும். இப்போது தன்னுடைய மருத்துவரை என்றைக்குப் பார்க்க வேண்டும் என்பதையே அவர் என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே, 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும் எஸ், சாய்கோடு, ஓ இருக்கிறது. இங்கே நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒரு தனியார் மருந்தகத்தின் பதிவுப் படிவத்தில் 'சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. சாய்கோட்டை எடுத்தால் 'அடையாள அட்டையில் உள்ள பெயருடன் பொருந்தவில்லை' என்கிறது. அப்பா அரை மணி நேரம் போராடிவிட்டு, "என் பெயரே தப்பாம்" என்று கைப்பேசியை வைத்துவிட்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் படிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் பெயரிலாவது சாய்கோடு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?


எழுத்துருப்_பித்தன் | புதன், இரவு 9.05

தமிழ்ப் பகுதி உங்கள் பொறுப்பு என்றதால் குறுக்கிடுகிறேன்.

ஆங்கிலத்தில் எல்லாத் திரையையும் முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றுவார்கள். அங்கேதான் சீரழிவு தொடங்கும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் 'உறுதிப்படுத்தவும்' அடங்காது. 'உறுதிப்ப' என்று வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். 'ரத்து செய்' பொத்தானும் 'ரத்து செய்யாதே' பொத்தானும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால் எதை அழுத்துவது? வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு ஏற்றபடி இறுக்கி வைத்திருந்தால் 'கி', 'கீ' போன்றவற்றின் மேல்வளைவு வெட்டுப்படும். எழுத்தைச் சின்னதாக்கினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. தாதி சொன்ன அந்தக் கண்ணுக்குப் புள்ளி போனால் எழுத்தே மாறிப்போகும்.

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். அந்த அளவில் தமிழை வைத்து முதல் நாளே பாருங்கள். ஒரு வரிசையில் மூன்று கட்டம் என்ற அமைப்பு நொறுங்கிவிடும். ஒன்றன்கீழ் ஒன்றாக, முழு அகலத்துக்கு, உயரம் தானாக வளரும்படி வையுங்கள். தமிழ் தாங்கினால் மற்ற மூன்று மொழியும் தாங்கும்.

திரையை வாசித்துக் காட்டும் குரலையும் சோதியுங்கள். இந்தப் பகுதி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாயில் போட்டு மெல்லும், அல்லது வாயே திறக்காது.


பழைய_கிராணி | புதன், இரவு 9.31

குரல் நல்ல யோசனை. நான் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், 1982இல் மூடினார்களே, அந்தப் பள்ளி. எனக்குத் தமிழ் வாசிப்பதில் சிரமமில்லை. ஆனால் என் புளோக்கில் நாள்முழுக்கத் தமிழ் பேசும் சிலருக்கு வாசிக்க வராது. சிலருக்கு மலாய் எழுத வரும், தமிழ் வராது. அவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டு ஜாம்ஜாமென்று இருக்கிறார்கள். மொழி நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால் 'தமிழ் பேசுவேன், ஆங்கிலத்தில் வாசிப்பேன்' என்பவர் எதை அழுத்துவார்?


எதிர்வாதி | புதன், இரவு 9.50

சரி, உடம்பு விஷயத்தில் தோற்றேன். ஆனால் செலவு விஷயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அதோடு, ஒருவருக்கு 12 மணி நேரம் பிடிக்கிறது, இன்னொருவருக்குப் பிடிக்காது. எல்லா முதியவரையும் கேட்டு முடித்தால் செயலி எப்போது வரும்? இன்னும் எளிமையாக, ஏற்கெனவே நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றைக் காப்பியடித்துவிட்டுப் போகலாமே. இதோ ஓர் இணைப்பு, மூத்தோருக்கான முகப்புத் திரைச் செயலி, நேரடியாக இறக்கிக்கொள்ளலாம்:

[இணைப்பு நீக்கப்பட்டது]


நெறியாளர் | புதன், இரவு 9.58

செயலிக் கடைக்கு வெளியிலிருந்து இறக்கும் கோப்புகளுக்கான இணைப்புகளை இங்கே இடக்கூடாது. மேலே வங்கிக்_குறிமுறையர் எழுதியதை வாசித்துவிட்டுமா இதைப் போட்டீர்கள்?


மன்றத்_தொண்டூழியர் | புதன், இரவு 11.20

தாமதமாக வந்தேன், நீளமாக எழுதுவேன்.

2020 மே மாதம் மூத்தோருக்கான மின்னிலக்கத் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து சமூக மன்றத்தில் முதியவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுத்து வருகிறேன். எதிர்வாதி கேட்ட செலவுக்கு என் பதில்: செலவு எப்படியும் ஆகிறது. செயலி செய்பவர் மிச்சம் பிடிப்பதை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செலவழிக்கிறோம். ஒரு திரையில் ஒரு வரி தெளிவாக இல்லாததால் ஒரு மண்டபம் முழுக்கத் தொண்டூழியர்கள் தேவைப்படுகிறார்கள்.

பொதுத் திட்டங்களிலும் பார்த்தோம். 2024 ஜனவரி 9ஆம் தேதி, பஸ், ரயில் கட்டணத்துக்கான பழைய ஈஸி-லிங்க் அட்டைமுறையை ஜூனில் நிறுத்தி எல்லாரும் சிம்பிளிகோ என்ற புதிய முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். வாயிலில் அட்டையை வைத்தால் கட்டணமும் மிச்சத் தொகையும் தெரியாது, செயலியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றதும் ஊரே முணுமுணுத்தது. ஜனவரி 22ஆம் தேதி முடிவு மாறியது. பழைய முறையைத் தொடரக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி. கிராணி ஐயா கேட்கும் சான்று அதுதான், வாயிலில் பளிச்சென்று தெரியும் மிச்சத் தொகை. முதியவர் மட்டுமா அதைக் கேட்டார்? அலுவலகம் போகும் இளைஞர்களும்தான் கேட்டார்கள்.

இப்போது செங்காங்காரனுக்கு, எப்படிச் செய்வது என்று. முதியவர்களைக் கூப்பிட்டு "பிடித்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நன்றாக இருக்கிறது தம்பி" என்பார்கள். நீங்கள் பேரன் வயது, உங்கள் முகம் வாடக்கூடாது என்று சொல்வார்கள். அவர்களின் நோட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள்.

என் வகுப்புக்கு வரும் ஒரு பாட்டி பள்ளிப்பிள்ளை நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். எல்லாம் படம். நீலக் கட்டம் வரைந்து நடுவே வெள்ளைக் கோடு, அம்புக்குறி, அடுத்து ஒரு வீடு, பக்கத்தில் 'பொறு' என்று ஒரே ஒரு சொல், பிறகு மூன்று விரல் படம், அதாவது மூன்றாவது வரியைத் தொடு. இப்படி ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பக்கம். ஒருநாள் பார்த்தால் ஒரு பக்கம் முழுவதும் குறுக்குக்கோடு போட்டு அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். இரவோடு இரவாகச் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. நீலம் ஊதாவாகி, வீடு கீழேயிருந்து மேலே போய்விட்டது. பாட்டி கற்றது அத்தனையும் ஒரே இரவில் செல்லாக்காசு. "மறுபடி வரைகிறேன், ஆனால் பென்சிலில்" என்றார்.

அந்த நோட்டைவிடச் சிறந்த வடிவமைப்பு ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது. எதை அடையாளமாக வைத்து நகர்கிறார், எங்கே காத்திருக்கிறார், எதை வரையவே இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வரையாததை உங்கள் திரையிலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்தது, தாளில் திரைகளை வரைந்து கொடுத்து, ஒருவரிடம் விளக்குங்கள். பிறகு அவரைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் வேலை இருக்கிறது.

மசாகோ வகாமியாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதியவர்கள் விளையாடி மகிழ ஒரு செயலி செய்து தாருங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுப் பார்த்த ஜப்பானியப் பெண்மணி. யாரும் செய்யவில்லை. தானே நிரலாக்கம் கற்று, 2017இல் தம் 81ஆம் வயதில் பொம்மைகளை அதனதன் படியில் வைக்கும் 'ஹினாடன்' விளையாட்டை வெளியிட்டார். ஆப்பிள் நிறுவனம் அந்த ஆண்டு தன் மாநாட்டுக்கே அவரை அழைத்தது. நம் பாட்டிகளும் செய்வார்கள், யாராவது கேட்டால்.


செங்காங்காரன் | வியாழன், காலை 8.15

தொண்டூழியர் அக்கா, நோட்டுப் புத்தக யோசனைக்குக் கோடி நன்றி.

தாளில் திரை வரைவதைப் பற்றி மேலாளர் கிண்டல் செய்வார் என்பதால் ஒரு முன்னுதாரணம் எடுத்துவைத்திருக்கிறேன். 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவியாவில் 'யுடோப்பியா' என்று ஒரு திட்டம் நடந்தது. அச்சகத் தொழிலாளர்களின் சங்கமும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து பத்திரிகைப் பக்க அமைப்புக்கான கணினிக் கருவிகளை வடிவமைத்தார்கள். கணினி கைக்கு வருமுன்பே ஒட்டுப்பலகையிலும் தாளிலும் மாதிரி செய்து, அதில் தொழிலாளர்களை வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். வேலை தெரிந்தவர் அவர்கள் என்பதால் அவர்கள் சொல்வதற்கு எடை இருந்தது. முதுமை என்ற வேலையைத் தெரிந்தவர் எங்கள் குழுவில் யாரும் இல்லை. எங்களில் மூத்தவருக்கு 41.


பழைய_கிராணி | வியாழன், காலை 9.02

முதுமை ஒரு வேலை என்றால் அதற்குச் சம்பளம் உண்டா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆலோசகர் என்று ஒருவரை அமர்த்தினால் மணிக்கணக்கில் கட்டணம் கொடுக்கிறீர்கள். எங்களைக் கூப்பிட்டால் கறிபாப்பும் தேநீரும். வருகிறோம், ஆனால் கூலி கொடுங்கள். கூலி வாங்கினால்தான் எங்களுக்கும் "இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரும். விருந்தாளியாக வந்தால் குறை சொல்ல மாட்டோம்.

காகிதத்தையும் கைவிடாதீர்கள். சிடிசி பற்றுச்சீட்டைக் கைப்பேசி இல்லாதவர் சமூக மன்றத்தில் அச்சடித்து வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்களே, அது நல்ல ஏற்பாடு. உங்கள் செயலியிலும் பதிவை நிலையத்தின் கவுண்டரில் அச்சிட்டுக் கொடுக்கும்படி செய்யுங்கள். செயலியில் சேராதவர் பெயரும் அதே பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலிக்காரர்கள் இரவிலேயே எல்லா இடத்தையும் பிடித்துவிட, காலையில் நடந்து வருபவருக்கு இடமிருக்காது. கேரம் போட்டிக்கு எங்கள் நிலையத்தில் அதுதான் நடந்தது, பெரிய சண்டை.


இரவுப்பணித்_தாதி | வியாழன், காலை 9.20

கேரம் சண்டையைத் தனி இழையாகத் தொடங்குங்கள் ஐயா, வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.


எதிர்வாதி | வியாழன், பிற்பகல் 1.15

நெறியாளரிடம் திட்டு வாங்கிய பிறகு ஒழுங்காக யோசித்தேன். 'எல்லாரையும் கேட்டால் எப்போது முடிப்பது' என்ற கேள்வியை மட்டும் விடமாட்டேன். கூட்டத்தில் நிச்சயம் வரும். சிலரை மட்டும் முதல் வாரத்திலிருந்து கடைசிவரை தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குள் ஒற்றுமை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: வாசிக்க வராதவர் ஒருவர், கை நடுங்குபவர் ஒருவர், மகளிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டவர் ஒருவர், கிராணி ஐயா போல எதற்கும் அசராதவர் ஒருவர். கடைசி இரண்டு வாரச் சோதனையை ரத்து செய்யாதீர்கள். அதற்குப் புதியவர்களைக் கூப்பிடுங்கள். பழையவர்களுக்கு அதற்குள் செயலி பழகியிருக்கும், அவர்கள் தடுமாற மாட்டார்கள்.


செங்காங்காரன் | வெள்ளி, மாலை 6.40

கூட்டம் முடிந்தது. முழு வெற்றி இல்லை. 'நான் செய்தவை' பக்கம் உறுதி. பிள்ளைக்குத் தனிக் கணக்கு இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளப்பட்டது, தெம்பனிஸ்_மகள் மன்னிக்கவும், விடாமல் கேட்பேன். பெயர்க் கட்டத்தில் சாய்கோடு அனுமதிக்கப்படும். முதல் வாரத்திலிருந்து நான்கு மூத்தோர், மணிக்கணக்கில் கட்டணம். மேலாளர் மற்றவற்றுக்கு எளிதில் அசையவில்லை, ஆனால் 'நல்ல செயலியே அவசரப்படுத்தினால்' என்ற வரியை வாசித்துக் காட்டியதும் வினாடி ஓடும் கடிகாரத்தைத் தானே நீக்கச் சொல்லிவிட்டார்.

முதல் அமர்வு அடுத்த சனிக்கிழமை. கடையில் புதிதாக வாங்கிய கைப்பேசிகளில் காட்ட விருப்பமில்லை. மலிவான, பழைய, கீறல் விழுந்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டிய கைப்பேசிகள் யாரிடமாவது இருந்தால் இரவல் வேண்டும்.


மன்றத்_தொண்டூழியர் | வெள்ளி, மாலை 7.05

என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றில் மின்கலம் அரை மணிக்கு மேல் தாங்காது. அதையே வைத்துச் சோதியுங்கள், பலருடையது அப்படித்தான் இருக்கிறது. காலை 10 மணிக்கு முன் வைக்காதீர்கள், இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு வந்து உட்காருவார்கள். அறையில் குளிரூட்டியைக் குறைத்து வையுங்கள். கழிவறை அதே மாடியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடத்தை உறுதி செய்யுங்கள்.


பழைய_கிராணி | வெள்ளி, மாலை 7.22

சனிக்கிழமை பத்தரைக்கு வருகிறேன். கூலி பேநவ் மூலம் கைப்பேசிக்கு வேண்டாம், ரொக்கமாகவும் வேண்டாம். ரசீதோடு காசோலை கொடுங்கள்.